கால் முன்னால் பிறந்தவள் வைத்த பத்தியம்

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். திண்டுக்கல்லை ஒட்டிய எங்கள் ஆத்தூர்ப் பக்கம் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அப்படிப் பிறந்தவர்கள் காலால் இழுத்துவிட்டால் சுளுக்கு போய்விடும் என்பார்கள். கழுத்துச் சுளுக்கோ இடுப்புப் பிடிப்போ, விடியும்போதே யாராவது எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். தூங்கிக்கொண்டிருக்கும் என்னை அம்மா தூக்கி வந்து நிறுத்துவார். நான் கண்ணைக் கசக்கியபடியே வலது காலைத் தூக்கி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் கழுத்தில் மேலிருந்து கீழாக மூன்று முறை இழுப்பேன். இடது கால் அசையாது. யாரையும் பிடித்துக்கொள்ளவும் மாட்டேன். முடிந்ததும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோ தேன்மிட்டாயோ கைக்கு வரும். ஊரில் மீசை முறுக்கிய ஆட்கள் எல்லாம் என் காலுக்குக் கழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு வயதில் அது எனக்குப் பெரிய கௌரவம். அதில் கொஞ்சம் இன்னும் என்னிடம் மிச்சம் இருக்கிறது.

பிறகு பிசியோதெரபி படித்தேன். எங்கள் வீட்டில் படிப்பு என்று ஒன்றைத் தொட்ட முதல் ஆள் நான்தான். அப்பா காய்கறி வண்டிகளில் மூட்டை ஏற்றுகிறவர், அம்மா பூந்தோட்டத்தில் மல்லிகை எடுப்பவர். இருவரும் பள்ளிக்கூட வாசலை என்னைச் சேர்க்க வந்த அன்றுதான் மிதித்தார்கள். படிப்பின் பெயர் அம்மா வாயில் நுழையவில்லை. யாராவது கேட்டால், "சுளுக்குக்குப் படிக்கிறா" என்பார். பட்டம் வாங்கி வந்த அன்று பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டார்.

"அம்புட்டு வருசம் படிச்சு என்னத்தக் கண்ட? அதான் காலாலயே செஞ்சுக்கிட்டு இருந்தியே."

"இப்ப அதக் கையால செய்யப் படிச்சிருக்கேன்க்கா."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அதோடு காலால் இழுப்பதை நிறுத்திக்கொண்டேன். கழுத்துக்குள் என்னென்ன ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அதன் மேல் காலை வைக்க எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை படித்தவள் வாசலில் நின்று காலைத் தூக்குவதாவது என்று நினைத்தேன்.

திண்டுக்கல்லில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அங்கே கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். நூல் மில்லில் வேலை பார்க்கும் பெண்கள், அரசு வேலைப் பரீட்சைக்குப் படிப்பவர்கள், நாள் முழுக்க செல்போன் கடையில் குனிந்து உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கிறவர்கள். "இந்த வயசுல என்ன கழுத்து வலி?" என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். அவர்களிடம் நான் நிறைய பேசுவேன். என்னிடம் வந்தவர்களுக்கு நன்றாகவே ஆனது. இந்த வேலை எனக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அத்தை, அதாவது தாய்மாமன் மனைவி, தன் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. மகன் என்னைவிட ஆறு மாதம் மூத்தவன், அதனால் எனக்கு மச்சான். தென்னை மரம் ஏறுகிறவன். எங்கள் பக்கத்தில் ஐந்தாறு தோப்புக்கு அவன்தான் ஏறுவான். அவனுக்கு வத்தலக்குண்டில் பெண் பேசி முடித்து, தை மாதம் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள்.

அவன் வாசலுக்குள் நுழைந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா இடது பக்கத்திலிருந்து, "வா அப்பு" என்றபோது அவன் தலையைத் திருப்பவில்லை. முழு உடம்பையும் சேர்த்துத் திருப்பினான், வண்டியைத் திருப்புவதுபோல.

"மூணு மாசமா இப்படித்தான் இருக்கான்," என்றார் அத்தை. "தைலம் தேச்சாச்சு, ஒத்தடம் குடுத்தாச்சு. ஆத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போவுது. செத்த நேரம் கால வச்சு இழுத்து விடு."

"அத்தை, நான் இப்பக் காலால செய்யுறதில்ல."

"ஏன், படிச்சதும் கால் தேஞ்சு போச்சா?"

"கழுத்த அப்படியெல்லாம் இழுக்கக் கூடாது அத்தை. நான் பாக்குறேன், கையால."

அவனை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தேன். கழுத்தின் இரண்டு பக்கமும் தசை கயிறாக இறுகிக் கிடந்தது. பகலெல்லாம் அண்ணாந்து பார்க்கிற வேலை, வீட்டுக்கு வந்தால் படுத்துக்கொண்டு தலையணையில் கழுத்தை மடக்கிச் செல்போன். பெண் பேசி முடித்த பிறகு அந்தச் செல்போன் நேரம் கூடியிருந்தது. அதை அத்தை முன்னால் நான் கேட்கவில்லை. கிளினிக்கில் எல்லோருக்கும் செய்வதுபோல அவனையும் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். நின்றான். கண்ணை மூடச் சொன்னேன்.

மூடிய உடனே மற்ற கால் தரைக்கு வந்துவிட்டது.

மறுபடி சொன்னேன். மறுபடியும் அப்படியே. "தரை வழுக்குது," என்றான். எங்கள் வீட்டுத் தரை சொரசொரவென்று கிடக்கும் சிமென்ட் தரை.

அத்தை அடுப்படியில் அம்மாவோடு காபி குடிக்கப் போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "போன வாரம் மேல உக்காந்து குலையப் பாத்துத் திரும்புனேன் புள்ள. மரம் அப்படியே சாஞ்சுச்சு. கட்டிப் புடிச்சுக்கிட்டேன். கீழ பாத்தா ஒரு ஓல கூட அசையல. காத்தே இல்ல."

"எத்தன தடவ?"

"அத விடு. ஆத்தாகிட்டச் சொல்லிராத."

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், கண்டிப்பாகவே சொன்னேன். "இது சரியாகுற வரைக்கும் நீ மரம் ஏறக் கூடாது."

"ஏறாம? தோப்ப வேற ஆளுக்குக் குடுத்துருவான். அப்புறம் வத்தலக்குண்டுக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது, நீயா?"

முதலில் அவனைத் திண்டுக்கல்லில் எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். படம் எடுத்தார்கள், காதையும் பரிசோதித்தார்கள். எலும்பிலும் நரம்பிலும் கோளாறு இல்லை, தசைதான், பயிற்சி கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு அவனுக்கு விளக்கினேன். நாம் நேராக நிற்கிறோமா என்பதை மூளைக்குக் கண் சொல்கிறது, காதுக்குள் இருக்கும் ஒரு உறுப்பு சொல்கிறது, உள்ளங்கால் சொல்கிறது. கழுத்துத் தசையும் சொல்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று. கழுத்தில் வலி நாள்பட்டுப் போனால் அது அனுப்பும் சேதி பிசகிப்போகும்.

"நாலு பேருல ஒருத்தன் பொய் சொல்றான்னு சொல்லு."

"பொய் இல்ல, உளறுறான். மத்த மூணு பேரும் சமாளிக்கிறாங்க. நீ கண்ண மூடுனதும் ஒருத்தர் கழண்டுக்குறாரு. ஒடனே கால் கீழ வந்துருச்சு."

"மரத்துல நான் கண்ண மூடல."

"மேல போனா ஓலைக்கு நடுவுல கண்ணுக்கு நேரா எதப் பாத்து நிப்ப?"

அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் அசையவில்லை. அடுத்த வாரம் ஏறப்போவதாகவே சொன்னான். அத்தையோ காலால் இழுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்பதிலேயே நின்றார். டாக்டர் எழுதிக் கொடுத்ததைவிட என் காலில்தான் அவருக்கு நம்பிக்கை. இரண்டு நாள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையே யோசித்தேன். எங்கள் பக்கத்தில் எந்த வைத்தியமானாலும் பத்தியம் உண்டு. மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுத்தால் எண்ணெய் தொட மாட்டார்கள். மருந்தை மறந்தாலும் பத்தியத்தை மறக்க மாட்டார்கள். டாக்டர் சொன்ன பயிற்சியை மூன்றாம் நாளே விட்டுவிடும் அதே ஆட்கள், பத்தியம் என்றால் ஒரு வாய் கருவாடு தொடாமல் மாதக்கணக்கில் இருப்பார்கள்.

மறுநாள் மாலை அத்தை வீட்டுக்குப் போனேன். "இழுத்து விடுறேன் அத்தை. ஆனா பத்தியம் இருக்கு."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பெல்லாம் பத்தியம் இல்லையே?"

"இது நான் படிச்சுட்டு வந்து வச்ச பத்தியம். நான் சொல்ற வரைக்கும் மரம் ஏறக் கூடாது. படுத்துக்கிட்டு போன் பாக்கக் கூடாது. சாயங்காலம் நான் சொல்ற பயிற்சியச் செய்யணும். ஒண்ணு தப்புனாலும் பலிக்காது."

"கேட்டுக்கடா," என்றார் அத்தை. மச்சான் என்னை முறைத்தான். நான் என்ன செய்கிறேன் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

முற்றத்தில் அவனைத் தரையில் உட்கார வைத்தார்கள். செய்தி எப்படியோ போய், எங்கள் பக்கத்து வீட்டு அக்கா முதல் ஆளாக வந்து மதில் மேல் கையை ஊன்றி நின்றார். நான் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிக்கொண்டு வந்தேன். கழுத்தைத் தொடுவதாக இல்லை. தோளின் சதையில், எடை வைக்காமல், லேசாக இழுப்பது என்று முடிவு செய்திருந்தேன். வலது காலைத் தூக்கினேன். தோளில் வைத்தேன். குனிந்து பார்த்தேன்.

முற்றம் ஒரு பக்கமாக நழுவியது. நான் கையை வீசித் துணி காயப்போடும் கொடியைப் பிடித்தேன். கொடியில் கிடந்த மாமாவின் வேட்டி என் தலைமேல் விழுந்தது.

"வத்தலக்குண்டுக்காரி வந்து வைக்கிறதுக்குள்ள இவ முந்திக்கிட்டு அவன் கழுத்துல கால வச்சுட்டா. சாமி பொறுக்குமா? அதான் சாய்க்குது!" என்றார் அக்கா. முற்றமே சிரித்தது.

வேட்டியை விலக்கிவிட்டு, கொடியைப் பிடித்தபடியே மூன்று முறை இழுத்து முடித்தேன். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒத்தக் கால்ல நில்லு," என்றான்.

"எதுக்கு?"

"நில்லு புள்ள. கண்ண மூடு."

நின்றேன். மூடினேன். என் கால் அவன் காலைவிடக் கொஞ்சம் தாமதமாகத் தரைக்கு வந்தது, அவ்வளவுதான்.

என் கழுத்தின் வலது பக்கம் கல்லூரி இரண்டாம் வருடத்திலிருந்தே வலிக்கும். பாடப் புத்தகங்கள் கெட்டியானவை, விலை அதிகம். நான் முழுப் படிப்பையும் செல்போனில் பிடிஎஃப் வைத்துத்தான் படித்தேன். விடுதிக் கட்டிலிலும் பஸ்ஸிலும் சாப்பாட்டு வரிசையிலும் குனிந்த தலை நிமிராமல் படித்தேன். அப்பாவுக்குத் தோளில் மூட்டை காய்த்த தழும்பு இருக்கிறது. அம்மாவின் விரல் நுனியில் காம்பு கிள்ளிக் கிள்ளி விழுந்த வெடிப்பு இருக்கிறது. இந்தக் கழுத்து வலி எனக்கு அப்படிப்பட்ட ஒன்றாகத் தோன்றியது. எங்கள் வீட்டில் படித்ததால் வந்த வலி இது ஒன்றுதான். அதை நான் சரி செய்ய நினைத்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் அதில் எனக்குப் பெருமை இருந்தது.

"பத்தியம் ரெண்டு பேருக்கும்," என்றான் மச்சான். அத்தை தலையாட்டினார்.

அவன் மரம் ஏறும் தோப்பு ஒன்றில் மோட்டார் ரூமின் வெளிச்சுவர்தான் எங்கள் இடம். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே போவேன். கிளினிக்கில் இந்தப் பயிற்சிக்கு நெற்றியில் கட்டும் விளக்கு இருக்கிறது. நாங்கள் திருவிழாக் கடையில் வாங்கிய லேசர் லைட்டை ஒரு தொப்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். சுவரில் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டேன். சிவப்புப் புள்ளியை வட்டத்தின் நடுவில் நிறுத்த வேண்டும். கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் மெதுவாகத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

முதல் நாள் அவன் கண்ணைத் திறந்தபோது புள்ளி ஜன்னல் கம்பியில் இருந்தது. "அப்படியே வச்ச மாதிரித்தான புள்ள இருந்துச்சு?" என்று அவனால் நம்பவே முடியவில்லை. அடுத்து நான். என் புள்ளி சுவிட்சுப் பெட்டிக்கு மேலே போய் நின்றது.

"டாக்டரம்மா கரண்டு ஆபீசுக்குப் போயிட்டாங்க," என்றான்.

"நீ ஜெயிலுக்குப் போயிட்ட. கம்பியப் பாரு."

தாடையை உள்ளே இழுத்து நிறுத்தும் பயிற்சி, நெற்றியில் கையை வைத்து லேசாகத் தள்ளும் பயிற்சி, மடித்த சாக்கின் மேல் ஒற்றைக் காலில் நிற்பது. கிளினிக்கில் ஆயிரம் முறை சொல்லிக் கொடுத்ததை இப்போது என் கழுத்துக்குச் செய்தேன். பஸ்ஸில் செல்போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினேன். முதல் வாரம் கை சும்மா இருக்க மறுத்தது. பிறகு ஜன்னல் வழியே நேராகப் பார்த்துக்கொண்டு வரப் பழகினேன், திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் படும் வரைக்கும். புள்ளி மெல்ல மெல்ல வட்டத்துக்குப் பக்கத்தில் வரத் தொடங்கியது. கிளினிக்கில் நான் பேசுவதும் மாறியது. "எனக்கும் இருந்துச்சு," என்று ஆரம்பித்தால் என் வயதுக்காரர்கள் கூடுதலாகக் கேட்டார்கள்.

வலி குறைந்ததும் மச்சானுக்கு அவசரம் வந்துவிட்டது. ஒரு காலை, கிளினிக்கில் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் போன் வந்தது.

"ஒன் அத்தகிட்டச் சொல்லு. தளைக்கயித்த ஒளிச்சு வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்குது." ஏறும்போது காலில் மாட்டிக்கொள்ளும் கயிறு அது. அது இல்லாமல் ஏற முடியாது.

"எதுக்குக் கயிறு?"

"தோப்புக்காரர் கூப்புட்டாரு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும். வலிதான் போயிருச்சே."

பின்னால் அத்தையின் குரல் கேட்டது. "பத்தியம் முடியாம கயிறு கெடையாதுடா! இது வீணாப் போச்சுன்னா மறுபடி அவ கால எவன் தூக்க வைக்கிறது?"

"மச்சான், நேத்து ஓம் புள்ளி எங்க நின்னுச்சு?"

நேற்று அது வட்டத்துக்கு வெளியேதான் நின்றது. வலி முதலில் போகும், பிசகு கொஞ்சம் பின்னால்தான் போகும் என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

"தோப்பு கை மாறினா நீதான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

அது என்னைத் தைத்தது. அவன் சொன்னதில் தப்பில்லை. மதியம் தோப்புக்காரருக்கு நானே போன் செய்தேன். "அவருக்குக் கழுத்துக்குச் சிகிச்சை நடக்குதுங்க. மேல போயித் தல சுத்துனா ஒங்க தோப்புலதான் விழுவாரு. சரியானதும் நானே அனுப்பி வைக்கிறேன். அதுவரைக்கும் வேற ஆள வச்சு இறக்கிக்கங்க, தோப்ப மட்டும் மாத்திராதீங்க."

"நீ யாரும்மா?"

"அவருக்கு வைத்தியம் பாக்குறவ."

சொந்த ஊர்க்காரர் ஒருவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

"நீ அந்தக் கால் முன்னாடி பொறந்த புள்ளதான? எனக்குக்கூட ஒரு தடவ மிதிச்சிருக்க. சரி, நீ சொன்னா சரிதான். அவனே வரட்டும்."

கார்த்திகை பிறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்டு மரங்கள் காய்ந்திருந்தன. அத்தை சாட்சியாக வந்து மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தார். மச்சான் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இடமும் வலமும் திரும்பி வந்து நின்றான். கண்ணைத் திறக்கும் முன்னாலேயே அத்தை, "உள்ளதான் இருக்கு! உள்ளதான் இருக்கு!" என்று கத்திவிட்டார். சாக்கின் மேல் ஒற்றைக் காலில், கண்ணை மூடி நின்றான். எனக்குப் போதும் என்று தோன்றிய பிறகும் நின்றுகொண்டே இருந்தான்.

"எறங்குடா, கொக்கு," என்றேன்.

"நீ வா."

நானும் ஏறி நின்றேன். கண்ணுக்குள் இருட்டு. உள்ளங்காலில் சாக்கின் நெருடல். இடது கணுக்கால் சின்னதாக ஆடி, ஆடி, தானே நிலைக்கு வந்தது. ஆறு வயதில் வாசலில் நின்றதுபோலவே நின்றேன்.

அத்தை எழுந்து வீட்டுக்குப் போய்த் தளைக்கயிற்றை எடுத்து வந்தார். அரிசி டிரம்முக்குள் இத்தனை நாள் கிடந்ததில் கயிறு முழுக்கத் தவிட்டுத் தூள். மச்சான் அதைத் தட்டி உதறினான். முதலில் குட்டை மரம் என்று நான் சொல்லியிருந்தேன். அதில் ஏறி இறங்கினான், இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையசைத்ததும் வாய்க்கால் ஓரத்து நெட்டை மரத்துக்குப் போனான்.

அவன் ஏற ஏற நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். என் கழுத்து வலிக்கவில்லை என்பது எனக்கு வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. அத்தை சேலை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். மச்சான் சொல்லாதே என்றதை நான் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது என்று அப்போது புரிந்தது.

மட்டைகளுக்கு நடுவே அவன் தலை மறைந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் அணைப் பக்கத்திலிருந்து காற்று கிளம்பியது. தோப்பு முழுக்க ஓலைகள் சலசலத்தன. நெட்டை மரத்தின் உச்சி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது.

"மச்சான்!" என்று கத்தினேன். "மரம் ஆடுதா?"

கொஞ்ச நேரம் ஓலைச் சத்தம் மட்டும்தான். பிறகு மேலிருந்து குரல் வந்தது.

"மரம் ஆடுது புள்ள! நான் ஆடல! தள்ளி நில்லுங்க, குல வருது!"

நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்தேன். குலை திம்மென்று மண்ணில் விழுந்தது.